தெருவோரச் சாண்ட்விச்சைக் கடைக்குள் தேடுகிறேன்: முதலில் எதைச் சொல்லிப் பார்ப்பது?

மாலைநடை கேட்டது:

வணக்கம். ஒரு மாதமாக ஒரு புதுப் பழக்கம் தொற்றிக்கொண்டது. வேலை முடிந்து திரும்பும் வழியில், ஆசியத் தெருவோர உணவுகளைச் சாண்ட்விச்சாகத் தரும் சின்னக் கடை ஏதாவது கண்ணில் பட்டால் உள்ளே போய்விடுகிறேன். நான்கைந்து மேசை, சுவரில் எழுதிய மெனு, கவுன்டரில் சொல்லிவிட்டு நின்றபடியே வாங்கிக்கொள்ள வேண்டும். இந்த மாதிரி இடங்கள் எனக்கு ரொம்பப் பிடித்திருக்கின்றன. ஆனால் சாப்பிட்டதில் பாதி புரியவில்லை.

முதல் கடையில் வியட்நாமின் பான் மீ வாங்கினேன். முதல் கடியிலேயே மேலண்ணம் கீறிவிட்டது, ரொட்டி அவ்வளவு கெட்டி. அடுத்த கடியில் உள்ளே இருந்த இறைச்சி மொத்தமும் பின்பக்கமாக நழுவிக் காகிதத்தில் விழுந்தது. பாதியைத் தாண்டுவதற்குள் அடிப்பக்கம் ஊறிக் கிழிந்துபோனது. கேரட்டும் முள்ளங்கியும் மட்டும் அருமையாக இருந்தன. கடைசியில் அவற்றைத் தனியாகப் பொறுக்கிச் சாப்பிட்டேன்.

இரண்டாவது, தைவானின் குவா பாவ். பார்சல் வாங்கி வீடு வந்து சேர நாற்பது நிமிடம் ஆனது. திறந்தால் வெள்ளைப் பன்னின் ஓரமெல்லாம் தோல் போல இழுபட்டது. உள்ளே இருந்த பன்றி இறைச்சி மட்டும் வாயில் வைத்ததும் கரைந்தது. அந்த இறைச்சிக்காகவே இன்னொரு முறை போகலாம் என்று தோன்றுகிறது.

மூன்றாவது, ஜப்பானியக் காட்சு சாண்டோ. ஓரம் வெட்டிய மெத்தென்ற பிரெட், நடுவில் பொரித்த இறைச்சி. நன்றாக இருந்தது, ஆனால் ஆறிப்போயிருந்தது. அது அப்படித்தான் இருக்க வேண்டுமா?

என் கேள்வி இதுதான். இப்படி ஒரு கடைக்குள் முதல் முறை நுழையும்போது எதைக் கேட்டு வாங்கினால் அந்தக் கடையின் தரம் தெரியும்? எதைப் பார்த்து முடிவு செய்கிறீர்கள்? அடுத்த வாரம் தங்கையையும் அழைத்துப் போகலாம் என்றிருக்கிறேன். அவள் சைவம், முட்டை சாப்பிடுவாள். அவளுக்கு என்ன வாங்கலாம் என்பதையும் யாராவது சொன்னால் உதவியாக இருக்கும்.

ரொட்டிமேடை எழுதியது:

மாலைநடை, மேலண்ணம் கீறியது என்று படித்ததும் எனக்குக் கஷ்டமாகிவிட்டது. அது பான் மீயின் குணமே இல்லை. இரண்டு வருடம் ஒரு பான் மீ கடையில் ரொட்டிப் பக்கம் நின்று வேலை பார்த்தவன் நான். அதனால் கொஞ்சம் நீளமாகவே எழுதுகிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

முதலில் ஒரு விஷயம். வியட்நாமில் பான் மீ என்ற சொல்லுக்கே ரொட்டி என்றுதான் பொருள். உள்ளே வைக்கும் பொருளுக்கு அந்தப் பெயர் வரவில்லை. 19ஆம் நூற்றாண்டில் பிரெஞ்சுக்காரர்கள் கொண்டுவந்த நீள ரொட்டியை அந்த மக்கள் தங்கள் கைப்பக்குவத்துக்கு மாற்றிக்கொண்டார்கள். ரொட்டி குட்டையானது, உள்ளே பஞ்சுபோல் லேசானது, மேலோடு மெல்லிசானது. நாடு 1954இல் இரண்டாகப் பிரிந்தபோது வடக்கிலிருந்து லட்சக்கணக்கானோர் தெற்கே போனார்கள். அப்படிப் போன ஒரு தம்பதி 1958இல் சைகோனில் ஹோவா மா என்ற கடையைத் தொடங்கினார்கள். தட்டில் ரொட்டியும் இறைச்சியும் தனித்தனியாக வைத்துச் சாப்பிட நேரமில்லாதவர்களுக்கு, எல்லாவற்றையும் ரொட்டிக்குள்ளேயே வைத்துக் கையில் கொடுத்தார்கள். இன்று நாம் வாங்கும் வடிவத்துக்கு அந்தக் கடையைத்தான் தொடக்கமாகச் சொல்வார்கள். 1975க்குப் பிறகு அகதிகளாகப் போனவர்களோடு அது அமெரிக்காவுக்கும் ஆஸ்திரேலியாவுக்கும் போனது. ஆக, நடந்துகொண்டே சாப்பிடுவதற்காகச் செய்த பண்டம் இது. நடக்கிறவர் வாயைக் கிழிக்கிற ரொட்டியை யார் வாங்குவார்கள்?

நல்ல ரொட்டி கைக்கு வந்தால் முதலில் எடை உங்களை ஏமாற்றும். பார்க்கப் பெரிதாக இருக்கும், தூக்கினால் காலிப் பெட்டி போல இருக்கும். விரலால் லேசாக அமுக்கினால் காய்ந்த சருகை மிதித்த சத்தம் வரும். கடித்தால் மேலோடு சின்னச் சின்னச் செதில்களாக உதிர்ந்து சட்டையில் விழும். உதிரத்தான் வேண்டும். உதிராமல் எதிர்த்து நின்றால், அது ரொம்ப நேரம் கிடந்து காய்ந்த ரொட்டி, இல்லையென்றால் தடித்த மேலோடுள்ள சாதாரண பிரெஞ்சு ரொட்டி. இரண்டும் மேலண்ணத்தைக் கீறும். அந்த மெல்லிய ஓடு எப்படி வருகிறது என்றால், அடுப்பில் வைத்த முதல் சில நிமிடங்கள் உள்ளே நீராவி விடுவார்கள். மாவின் மேற்பரப்பு காயாமல் ஈரமாக இருப்பதால் ரொட்டி நன்றாக உப்பும். அந்த ஈர மாவுச்சத்துதான் பிறகு பளபளவென்று மெல்லிசாக இறுகும். அரிசி மாவு கலந்தால்தான் இப்படி வரும் என்று சொல்பவர்கள் உண்டு. நாங்கள் கோதுமை மாவில் மட்டும்தான் போட்டோம். அழகாகவே வந்தது.

அடுத்து, இறைச்சி நழுவியதும் அடி ஊறியதும். இரண்டும் அடுக்கியவர் செய்த தவறு. கடையில் எனக்குக் கற்றுக்கொடுத்த அம்மா முதல் வாரம் முழுக்க என்னைக் கத்தியைத் தொடவே விடவில்லை. முள்ளங்கியும் கேரட்டும் பிழிகிற வேலை மட்டும்தான். வினிகர், சர்க்கரை, உப்பில் ஊறிய அந்தக் குச்சிகளை ஒரு பிடி எடுத்து, உள்ளங்கைக்குள் வைத்து, விரலிடுக்கில் தண்ணீர் சொட்டுவது நிற்கும் வரை பிழிய வேண்டும். நசுங்கவும் கூடாது. பிழிந்து வைத்தபின் குச்சி மறுபடி நிமிர வேண்டும். நான் பிழிந்ததை அவர் ஒரு வெள்ளைத் தாளில் வைத்துப் பார்ப்பார். தாளில் ஈரம் பரவினால் கிண்ணத்துக்கே திரும்பிப் போகும். உங்களுக்குக் கொடுத்ததில் யாரோ இடுக்கியால் அள்ளி அப்படியே வைத்திருக்கிறார்கள்.

ரொட்டியைப் பக்கவாட்டில் கீறுவார்கள். ஒரு பக்கம் ஒட்டியே இருக்கும், புத்தகம் திறப்பது போல. ஒரு முகத்தில் முட்டை மஞ்சள்கருவும் எண்ணெயும் அடித்த மயோனைஸ், எதிர் முகத்தில் ஈரல் பாட்டே, அதாவது ஈரலை மசித்துச் செய்த விழுது. இவை ருசிக்கு மட்டும் அல்ல. கொழுப்பு ஒரு பூச்சாக நின்று, காய்களின் ஈரம் ரொட்டிக்குள் இறங்காமல் தடுக்கிறது. அதனால் இரண்டு முகத்திலும் ஓரம் வரை தடவ வேண்டும். பல கடைகளில் நடுவில் ஒரு கோடு இழுத்துவிட்டு அடுத்த ஆளைப் பார்க்கப் போய்விடுகிறார்கள். அதற்கு மேல் இறைச்சி, மெல்லிய சீவலாக. அப்புறம் நீளவாக்கில் வெட்டிய வெள்ளரிக்காய், பிழிந்த காய், தண்டோடு கொத்தமல்லி, மிளகாய், மேலே இரண்டு மூன்று சொட்டு மேகி சாஸ் (தக்காளி சாஸ் அல்ல, சோயா சாஸ் போன்ற கறுப்பு உப்புச் சாறு). உங்கள் சாண்ட்விச்சில் இறைச்சி ஒரே கனத்த துண்டாக இருந்திருக்கும். பல்லில் அறுபடாமல் மொத்தமாக இழுபட்டு வந்திருக்கும்.

என் அபிப்பிராயத்தை அழுத்திச் சொல்கிறேன். பான் மீயில் இறைச்சி கூடக்கூடச் சாப்பாடு கெடுகிறது. கொடுத்த காசுக்கு நிறையத் தெரிய வேண்டும் என்று கடைகள் அள்ளி அடைக்கின்றன. வாடிக்கையாளரும் அதைப் பார்த்துத்தான் சந்தோஷப்படுகிறார். ஆனால் ஒவ்வொரு கடியிலும் மொறுமொறுப்பு, கொழுப்பு, புளிப்பு, காரம், பச்சை வாசனை எல்லாம் சேர்ந்து வர வேண்டும் என்றால் இறைச்சி அடங்கித்தான் இருக்க வேண்டும்.

சரி, முதல் முறை எதைக் கேட்பது? பான் மீ கடை என்றால் டாக் பியெட் என்று எழுதியிருப்பதைக் கேளுங்கள். சிறப்பு என்று பொருள். வெவ்வேறு குளிர்ந்த இறைச்சிச் சீவல்களும் பாட்டேயும் சேர்ந்தது. மெனுவில் பெரும்பாலும் மேலேயே இருக்கும். அதில் ஒளிந்துகொள்ள சாஸ் கிடையாது. ரொட்டி, பாட்டே, காய் மூன்றும் நன்றாக இருந்தால்தான் அது நிற்கும். வாங்குவதற்கு முன்னால் இன்னொன்றும் கேளுங்கள்: “இன்றைக்கு ரொட்டி எத்தனை மணிக்கு வந்தது?” அக்கறையுள்ள கடையில் யோசிக்காமல் நேரத்தைச் சொல்வார்கள். எங்களிடம் யாராவது அப்படிக் கேட்டால் உள்ளே போய் அடுத்த தட்டிலிருந்து எடுத்துக் கொடுப்போம்.

பார்சல் வாங்கித்தான் ஆக வேண்டும் என்றால் காயைத் தனியாகக் கட்டச் சொல்லுங்கள். காகிதத்தில் சுற்றட்டும், பிளாஸ்டிக் வேண்டாம். ரொட்டி தளர்ந்துவிட்டால் மேலே கொஞ்சம் தண்ணீர் தெளித்து, 180 டிகிரி ஓவனில் நான்கைந்து நிமிடம் வையுங்கள், ஓடு திரும்பி வரும். காயும் மயோனைஸும் வைப்பதற்கு முன்னால் இதைச் செய்ய வேண்டும்.

நீராவி எழுதியது:

குவா பாவ் பற்றி மட்டும் நான் சொல்கிறேன். அந்தப் பன் ஆவியில் வேகுவது. சூட்டில் மாவுச்சத்து தண்ணீரை இழுத்து மெத்தென்று இருக்கும், ஆற ஆற மறுபடி இறுகும், மேற்பரப்பின் ஈரமும் போய்விடும். நாற்பது நிமிடத்தில் தோல் போல ஆனதற்குக் காரணம் அதுதான். கடையின் மேல் தப்பு இல்லை. மூன்று நான்கு நிமிடம் மறுபடி ஆவியில் வைத்திருந்தால் திரும்ப மிருதுவாகியிருக்கும். குவா பாவை மூங்கில் கூடையிலிருந்து எடுத்த உடனே, கடை வாசலிலேயே நின்று சாப்பிடுங்கள்.

உள்ளே நான்கு பொருள் இருக்கிறதா என்று பாருங்கள்: சோயாவில் கொதித்த பன்றி இறைச்சி, ஊறவைத்து வதக்கிய கடுகுக்கீரை, சர்க்கரை கலந்த வேர்க்கடலைப் பொடி, கொத்தமல்லி. வேர்க்கடலைப் பொடியை விட்டுவிட்டு இனிப்பான சாஸ் ஊற்றும் கடைகள் உண்டு, அங்கே எனக்கு மனம் ஒட்டுவதில்லை. ஆனால் வேர்க்கடலை ஒவ்வாதவர்கள் கட்டாயம் முன்கூட்டியே சொல்லிவிட வேண்டும், பொடி கையில் இருக்கும் எல்லாவற்றிலும் ஒட்டும். தைவானில் விற்பவர் கொழுப்பா, கறியா, பாதிப்பாதியா என்று கேட்பார். பாதிப்பாதி என்று சொல்லுங்கள். புலி பன்றியைக் கவ்வுகிறது என்று அங்கே இதற்கு ஒரு பெயர் உண்டு. மடித்த பன் திறந்த வாய், வெளியே எட்டிப்பார்க்கும் இறைச்சி அதன் இரை. ஆண்டு முடிவில் முதலாளிகள் வேலையாட்களுக்குக் கொடுக்கும் வெய்யா விருந்தில் இது வழக்கமான பண்டம்.

காட்சு சாண்டோ ஆறியிருந்தது சரிதான். டோக்கியோவின் உவேனோவில் உள்ள இசென் என்ற கடையில் 1935இல் பிறந்தது அது. பக்கத்தில் இருந்த கெய்ஷாக்கள் (விருந்துகளில் ஆடிப் பாடும் கலைஞர்கள்) உதட்டுச் சாயம் கலையாமல் சாப்பிடுவதற்காக மெல்லிய பிரெட்டில் சின்னத் துண்டாக வெட்டிக் கொடுத்தார்கள். பெட்டியில் கட்டி எடுத்துப்போய்ப் பிறகு சாப்பிடலாம். சாஸ் இறைச்சியின் மேல் பொரிந்த ரொட்டித்தூளுக்குள் இறங்கி ஊறுவதே அதன் ருசி.

இன்னொன்றையும் தேடிப் பாருங்கள்: சீனாவின் ஷான்சி மாகாணத்து ரோவ் ஜியா மோ. ஷிஆன் நகரத்தின் பண்டம். தட்டையான ரொட்டியைச் சுட்டு, மசாலாவில் பல மணி நேரம் வெந்த இறைச்சியை மரக்கட்டையில் வெட்டுக்கத்தியால் கொத்தி, வெந்த சாற்றில் ஒரு கரண்டி விட்டு அடைப்பார்கள். அந்த ரொட்டிக்கு அவர்கள் சொல்லும் இலக்கணம் அழகானது: ஓரத்தில் இரும்பு வளையம், முதுகில் புலிக்கோடு, நடுவில் செவ்வந்திப் பூ. சுட்ட நிறம் அப்படி மூன்று விதமாகப் படிய வேண்டும். முஸ்லிம் கடைகளில் சீரகம் தூக்கலாக மாட்டிறைச்சியில் கிடைக்கும். கொத்துகிற சத்தம் கேட்கும் கடையாகப் பார்த்துப் போங்கள். முன்னாலேயே கொத்திக் குவித்து வைத்த இறைச்சி சீக்கிரம் வறண்டுவிடும்.

இலைக்கட்டு எழுதியது:

தங்கைக்காக எழுதுகிறேன், நானும் சைவம்தான். வியட்நாமியக் கடையில் சாய் என்ற சொல்லைத் தேடுங்கள். பௌத்த சைவ உணவு என்று பொருள். சந்திர மாதத்தின் முதல் நாளும் பதினைந்தாம் நாளும் பலர் அங்கே இறைச்சியை விட்டுவிடுவார்கள், அதனால் சைவப் பான் மீ அவர்களுக்குப் புதிதல்ல. டோஃபு (சோயாப் பால் கட்டி), காளான், காளானில் செய்த பாட்டே என்று இருக்கும்.

சாய் என்று எழுதாமல் வெறும் டோஃபு என்று போட்டிருந்தால் மூன்று கேள்வி கேட்கச் சொல்லுங்கள். டோஃபுவை மீன் சாஸில் ஊறவைத்தீர்களா? ஈரல் பாட்டே தடவாமல் கொடுப்பீர்களா? அதே கல்லில்தான் இறைச்சியும் வாட்டுகிறீர்களா? இரண்டாவதை நான் ஒருமுறை கேட்காமல் விட்டுவிட்டேன். அவர்கள் கை பழக்கத்தில் தடவிவிட்டது. பாதி சாப்பிட்ட பிறகுதான் தெரிந்தது. அன்று முழுக்க மனசே சரியில்லை. முட்டை சாப்பிடுவாள் என்பதால் மயோனைஸில் சிக்கல் இல்லை.

வடா பாவ் (பன்னுக்குள் உருளைக்கிழங்கு வடை) வைத்திருக்கும் கடை என்றால் அதையே வாங்குங்கள். மும்பையின் தாதர் ரயில் நிலையத்துக்கு வெளியே 1966இல் அசோக் வைத்யா விற்கத் தொடங்கியதாகச் சொல்வார்கள். தொழிலாளர்கள் ரயில் பிடிக்கும் அவசரத்தில் சாப்பிட்ட சாண்ட்விச் அது. பூண்டுச் சட்னிப் பொடி தாராளமாக இருக்கிறதா என்று மட்டும் பாருங்கள்.

அவசரப்பசி எழுதியது:

ரொட்டிமேடை சொன்னதில் ஒன்றை மட்டும் ஒப்புக்கொள்ள முடியவில்லை. எப்போதும் பழைய வடிவத்தையே வாங்கித்தான் கடையை அளக்க வேண்டும் என்றால், அந்தச் சமையல்காரர் புதிதாக யோசித்ததை எப்போது சாப்பிடுவது? பான் மீயே இரண்டு நாட்டுச் சமையல் கலந்து வந்ததுதானே. கொரியாவின் கில்கோரி டோஸ்டைப் பாருங்கள். முட்டைக்கோஸ் போட்ட முட்டை அடை, வெண்ணெயில் வாட்டிய பிரெட், கெட்சப், மேலே சர்க்கரை. எழுத்தில் படித்தால் யாரும் வாங்கமாட்டார்கள். காலையில் வேலைக்குப் போகும் வழியில் சூடாகக் கையில் வாங்கினால் அதன் நியாயம் புரியும். தங்கைக்கும் இது ஆகும், ஹாம் வேண்டாம் என்று சொல்லிவிட வேண்டும்.

ரொட்டிமேடை எழுதியது:

அவசரப்பசி, நீங்கள் சொல்வது நியாயம். புதியதை வாங்காதீர்கள் என்று நான் சொல்லவில்லை, இரண்டாவது முறை வாங்குங்கள் என்கிறேன். முதல் முறை கடையின் கையைத் தெரிந்துகொண்டால், இரண்டாவது முறை பிடிக்காமல் போனாலும் அது என் ருசியா அவர்கள் கையா என்று பிரித்துச் சொல்ல முடியும். எங்கள் கடையிலேயே எலுமிச்சைப்புல் போட்ட காளான் பான் மீ ஒன்று செய்தோம். வழக்கமான பான் மீ நன்றாக இருக்கிறது என்று திரும்பி வந்தவர்கள்தான் அதை அதிகம் வாங்கினார்கள்.

மாலைநடை எழுதியது:

எல்லோருக்கும் நன்றி. நேற்று தங்கையோடு போனேன், முதலில் போன கடைக்கு இல்லை, வேறு கடைக்கு. கவுன்டரில் இருந்த அக்காவிடம் ரொட்டி எத்தனை மணிக்கு வந்தது என்று கேட்டேன். “இப்போதுதான், நாலரைக்கு” என்று சொல்லிவிட்டு என் முகத்தை ஒரு முறை பார்த்தார். பிறகு ரொட்டியை எடுத்து என் கையிலேயே கொடுத்து அமுக்கிப் பார்க்கச் சொன்னார். சருகுச் சத்தம் கேட்டது! காயைக் கையால் பிழிந்ததையும் பார்த்தேன். டாக் பியெட் வாங்கினேன். கடைசிக் கடி வரை எதுவும் நழுவவில்லை, அடி ஊறவில்லை. மேசை முழுக்கச் செதில்.

தங்கைக்கு டோஃபு. மூன்று கேள்வியும் அவளே கேட்டாள். மீன் சாஸ் இல்லை, பாட்டேக்குப் பதில் காளான் தடவித் தருகிறேன் என்றார்கள். கல் ஒன்றுதான் என்று மறைக்காமல் சொன்னார்கள், அதனால் டோஃபுவைத் தனிச் சட்டியில் சூடாக்கிக் கொடுக்கச் சொன்னோம், செய்தார்கள். அவளுக்கு மிளகாய் மட்டும் அதிகம்.

ஒரு சந்தேகம். கொத்தமல்லியைத் தண்டோடு அப்படியே நீளமாக வைத்திருந்தார்கள். நறுக்க நேரமில்லாமலா, வேண்டுமென்றேதானா?

ரொட்டிமேடை எழுதியது:

வேண்டுமென்றேதான். தண்டில்தான் வாசனையும் சாறும் கூடுதல். ரொட்டியின் நீளத்துக்குப் படுக்க வைத்தால் ஒவ்வொரு கடியிலும் கொஞ்சம் வரும். பொடியாக நறுக்கினால் ஒரு பக்கமாகச் சேர்ந்துவிடும்.

தங்கைக்கு அடுத்த முறை மிளகாயைத் தனியாகக் கேட்டு வாங்குங்கள். அந்தக் கடை காலையிலும் திறந்திருந்தால் பான் மீ ஓப் லா இருக்கிறதா என்று கேளுங்கள். சின்ன இரும்புச் சட்டியில் மஞ்சள்கரு உடையாமல் பொரித்த முட்டை, பக்கத்தில் வெறும் ரொட்டி. பிய்த்துத் தொட்டுச் சாப்பிட வேண்டும். சட்டியோடு மேசைக்கு வருவதால், முட்டையோடு இறைச்சி எதுவும் போட வேண்டாம் என்று சொல்லும்போதே சொல்லிவிடுங்கள்.